கேப்டனுக்கு வந்த சீக்கெல்லாம்

அண்ணியை அழைத்துவரத் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், பினாங்குப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் என்னிடம் முத்து வாங்கிவரச் சொன்னார்கள். வேலையை மேற்பார்க்கிற தண்டல் தன் மகளுக்கு ஒரு ஜோடித் தோட்டுக்கு வேண்டும் என்றார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் கடற்கரையில் பொறுக்கினாலே கிடைக்கும் என்றார்கள். நானும் நம்பித்தான் கப்பல் ஏறினேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். எங்கள் வம்சத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கூடக் கிடையாது. இப்போது தோட்டத்து மருத்துவமனையில் பதிவு எழுதுகிறேன். வாரம் ஒருமுறை வரும் சீன டாக்டர் பக்கத்தில் நின்று, நம் ஆட்கள் சொல்லும் வலியையெல்லாம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதும் நான்தான். தலைச்சுற்றலுக்கும் மயக்கத்துக்கும், குத்துகிற வலிக்கும் எரிகிற வலிக்கும் தனித்தனிச் சொல் எனக்குத் தெரியும். அந்தப் பெருமையோடுதான் போனேன்.

லாரி ஓட்டும் என் அண்ணன் அங்கே போய்ப் பெண் கட்டி, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவந்திருந்தான். பெண்ணை அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் செய்தான். "தூத்துக்குடியில் பயணத்துக்கு உடல்நலச் சான்று கொடுக்கிற டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பினாங்கில் இறங்கும்போதும் சுகாதார அதிகாரி ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திக் கேட்பார். அவளுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடு." நாலு என்ன, நாற்பது சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

தூத்துக்குடி எனக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. உப்பு, கருவாடு, வறுத்த காப்பிக்கொட்டை, எங்கிருந்தோ சூடான எண்ணெய். துறைமுகம் புதிதாகத் திறந்திருந்த சமயம். தெருவெல்லாம் உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள். எங்கள் ஊரில் லாரிக்காரன் ஒலிப்பான் அடித்தால் கோபமாக இருக்கிறான் என்று பொருள். இங்கே அடிக்காவிட்டால்தான் ஏதோ கோளாறு.

பஸ் நிலையத்தில் அண்ணியின் அம்மா எனக்காகக் காத்திருந்தார். பெயர் சவேரியம்மாள். எனக்கு அத்தை முறை. மாமா தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்ததால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பார்த்ததும் நம் தோட்டத்து வழக்கப்படி, நலம் விசாரிக்கிற மாதிரி, "பசியாறியாச்சா அத்தை?" என்று கேட்டேன்.

"அய்யோ, புள்ளைக்குப் பசிக்குல்லா!" என்று என் கையைப் பிடித்து ஒரு கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டாவை நொறுக்கி, அது மூழ்கும்வரை சால்னா ஊற்றினார்கள். நம் ஊர்ப் பரோட்டாவான ரொட்டிச் சானாயைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதைத் தின்ற பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முத்தைப் பற்றிக் கேட்டேன். பரோட்டா போடுகிறவர் உட்படக் கடையே சிரித்தது.

"முத்தா? முத்துக் குளிச்சி எம்புட்டோ வருசமாச்சு மக்கா," என்றார் அத்தை. "இப்ப சங்குதான் குளிக்கானுவ. வேணும்னா ரெண்டு சங்கு கொண்டு போ."

தண்டல் மகள் காதில் சங்கைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் கிராமம், திருச்செந்தூர் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் மணல் பாதையின் கடைசியில் இருந்தது. வெள்ளைக் கோயில், வலைகள், கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள். கடலுக்குள் கறுப்பாக ஒரு பெரிய வெளிநாட்டுக் கப்பல், துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. அண்ணி ரோசலின் வாசலுக்கு ஓடிவந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண். வயதில் நான் மூத்தவள், முறையில் அவள் மூத்தவள். அவள் என்னை மேரியக்கா என்றாள், நான் அவளை அண்ணி என்றேன். இரண்டு பேருக்கும் மரியாதை சரியாகப் போயிற்று.

மறுநாள் கருப்பட்டிக் காப்பி குடித்த கையோடு பாடத்தைத் தொடங்கினேன்.

"சொல்லுங்க அண்ணி. எனக்குக் காய்ச்சல்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதற்குத் தமிழிலும் பொருள் சொன்னேன்.

ரோசலின் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து அத்தை கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏ மேரி! நல்லா இருக்க புள்ளைய எதுக்குளா காச்சல்னு சொல்லச் சொல்லுத?"

"அது இங்கிலீஷ்ல அத்தை."

"எந்த பாசைல சொன்னா என்ன? கேக்கவருக்கு எல்லாப் பாசையும் தெரியும்," என்று கரண்டியால் வானத்தைக் காட்டினார்.

சரி, வார்த்தையை மட்டுமாவது சொல்லிக்கொடுப்போம் என்று என் தலையைத் தொட்டு, "தலைவலி" என்றேன். அத்தை பாய்ந்துவந்து என் கையைத் தட்டிவிட்டார். "தன் மேல வச்சிக் காட்டாத! மாதாவே, வந்த புள்ளைக்கு ஒண்ணும் வந்துறாம." சிலுவை வேறு போட்டுக்கொண்டார்.

எங்கள் அம்மாவும் இப்படித்தான் சொல்வாள். பாம்பு கடித்த கதையைச் சொல்லும்போது தன் காலைத் தொட்டுக் காட்டினால் அடி விழும். ஆனால் மருத்துவமனையில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. அங்கே வருகிறவர்கள் வலியோடுதான் வருகிறார்கள். இல்லாத வலியைச் சொல்லிப் பழகு என்று நான் யாரையும் கேட்டதில்லை.

அப்படியானால் வேறு யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்றேன். மாமாவுக்கு? "கடல்ல கிடக்க மனுசனுக்கா!" கோயில் சாமியாருக்கு? அத்தை காதைப் பொத்திக்கொண்டார். இதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மீன் ஏலத்தில் நிறுவையில் ஏமாற்றுகிற ஒருவனின் பெயரை ஒருத்தி ஆசையோடு சொன்னாள். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேண்டாம். அவனுக்கு மூணு பொட்டப்புள்ள இருக்கு."

பிறகு அவர் பார்வை கடல் பக்கம் போயிற்று.

"அந்தா நிக்குல்லா கப்பலு, அதுல ஒரு கேப்டன் இருப்பாம்லா. அவன் மேல போடு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. யாரு எவன்னு மேல உள்ளவருக்கே கொழப்பமா இருக்கும்."

இப்படித்தான் கேப்டன் எங்களுக்குக் கிடைத்தார். முற்றத்து மணலில் குச்சியால் அவரை ஆள் உயரத்துக்கு வரைந்தேன். தலையில் தொப்பி, வாயில் சுருட்டு. ரோசலின் இன்னொரு குச்சியை எடுத்து அவர் நெற்றியைத் தொட்டு, கணீரென்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "கேப்டனுக்குக் காய்ச்சல்."

முற்றமே கைதட்டியது.

அடுத்த இரண்டு நாள் அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது. பல்வலி, முதுகுவலி, மூச்சுத்திணறல், மூலம் எல்லாம் வந்தது. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று, "இன்னைக்கு கேப்டனுக்கு மேலுக்கு எப்பிடி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சங்கு குளிக்கிற ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, "காதைச் சேத்துக்க தாயி. ஆழத்துல போனா காது அடைச்சி ஒடைஞ்ச மாதிரி வலிக்கும். அதுக்கு இங்கிலீஷ் என்ன?" என்றார். சொன்னேன். தன் காதைத் தொடாமல், குனிந்து கேப்டனின் காதைத் தொட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ரோசலின் கற்பூரம்தான். பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச ஆங்கிலமும் அவளுக்குக் கைகொடுத்தது. காலையில் சொன்னதை மாலையில் ஒப்பித்தாள். ஆனால் சாப்பாட்டில் மட்டும் பூனைபோலக் கொறித்தாள். ஊளி மீன் குழம்பும் வறுத்த சாளையும் மணக்க மணக்க வந்தால் நான் மூன்று முறை சோறு வாங்குவேன். அவளோ மோரை ஊற்றிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். கப்பல் பயணம் நல்லபடியாக முடிய மாதாவுக்கு நேர்ச்சையாம், மீன் தொடமாட்டாளாம். அத்தை அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள், டாக்டர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வியை எடுத்தேன். எத்தனை நாளாக?

"கேப்டனுக்கு வாந்தி," என்றாள் ரோசலின், குச்சியை வயிற்றில் வைத்து. இந்தப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"எத்தனை நாளாக?"

"இரண்டு மாதமாக."

"இரண்டு மாதம் வாந்தி எடுத்தால் ஆள் பிழைக்கமாட்டான் அண்ணி. இரண்டு நாள் என்று சொல்லுங்கள்."

"இரண்டு மாதம்," என்றாள் அழுத்தமாக. "காலையில் மட்டும்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாராட்டினேன். காலை, மாலை, இரவு என்று நேரம் சொல்ல நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. தானாகச் சேர்த்துக்கொண்டாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"கேப்டனுக்கு மீன் வாடை பிடிக்காது," என்றாள் அடுத்தபடியாக.

இது எனக்கு மிகவும் பிடித்துப்போய், வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தமிழில் சொன்னேன். முற்றம் குலுங்கியது. அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மீன் வாடை ஆகாதவன் எதுக்குளா கப்பல் ஓட்டுதான்? மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான்!" ரோசலின் மட்டும் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாணவி களைத்துவிட்டாள் என்று நினைத்து நான் பாடத்தை முடித்தேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் விடிந்ததும் தெருவில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கடல் வெறுமையாகக் கிடந்தது. கப்பல் போய்விட்டது.

"போயிட்டானா!" அத்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எல்லாச் சீக்கையும் ஏத்திக்கிட்டுல்லா போயிருக்கான். ஊரே சுத்தமாயிட்டு."

முற்றத்துக் கேப்டனைத் தன் கையாலேயே கூட்டித் தள்ளித் தண்ணீர் தெளித்தார். இன்னும் எத்தனையோ வார்த்தை பாக்கி இருந்தது. அதைத் தாங்க ஆள் இல்லை. வேறு கப்பல் ஏதாவது வருமா என்று மாலைவரை பார்த்தேன், வரவில்லை. ரோசலின் அலை வரும் இடத்தில் நின்று நெடுநேரம் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை டாக்டரைப் பார்ப்பதை நினைத்துப் பயப்படுகிறாள் என்றுதான் அப்போதும் எனக்குப் பட்டது.

மறுநாள் மூவரும் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அண்ணி, நடுவில் நான், என் பக்கத்தில் அத்தை. அத்தைக்கு முன்னால் ஒரு மீன்காரர் பெரிய ஓலைக்கூடையை வைத்திருந்தார். முத்தையாபுரம் உப்பளங்களை நெருங்கும்போது, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய எங்கள் பஸ், பக்கத்து மணலில் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. கூடையும் சாய்ந்தது. மீன் தண்ணீர் அத்தையின் காலில்.

"அண்ணாச்சி, கூடைய மேல போடச் சொன்னேன்லா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"மேல போட்டா காக்கா தூக்கும். ஓம் பஸ்ஸ ஒழுங்கா ஓட்டச் சொல்லுலே!"

"புதுச் சீலைய்யா இது!" என்று அத்தையும் சண்டையில் சேர்ந்துகொண்டார்.

ஆண்கள் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளினார்கள். இருபுறமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. நம் ஊரில் பஸ் நின்றால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இங்கே ஆளாளுக்கு ஓட்டுநருக்கு வழி சொன்னார்கள். எனக்கோ திருவிழாவுக்கு வந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரோசலினைக் காணோம்.

ஓர் உடைமரத்துக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பஸ் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அத்தை இன்னும் மீன்காரரை விடவில்லை.

"கேப்டன் போய்விட்டார்," என்றாள் ஆங்கிலத்தில். "வாந்தி எனக்கு. இரண்டு மாதமாக. காலையில் மட்டும்."

"எனக்கு" என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் பூரித்துப் பாராட்டிய வாக்கியமெல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்று சிரித்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, அம்மாவுக்குப் புரியாத பாஷையில், அன்று முற்றத்தில் இவள் என்னிடம் சேதி சொல்லியிருக்கிறாள்!

"அம்மாவுக்குத் தெரியாதா?" என்றேன் நானும் ஆங்கிலத்தில்.

"தெரியாது. தெரிந்தால் கப்பல் இல்லை."

பிறகு அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழில் மெதுவாகச் சொன்னாள். "தலப்பிரசவம் தாய்வீட்லதான்னு நிறுத்திருவாவ. பொறவு புள்ளைக்கு மேலு உறுதியாவட்டும்பாவ, காயிதம் கீயிதம்பாவ. ரெண்டு வருசம் ஓடிரும். ஒரே ஒரு மாசம்தான் அக்கா அவுகளப் பாத்தேன். மொகமே மறந்துரும் போல இருக்கு." அம்மாவுக்குச் சந்தேகம் வராதிருக்க, மாதம் தவறாமல் தீட்டுத் துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டாளாம். நேர்ச்சை என்று சொன்னதும் அதற்காகத்தான்.

பஸ் உறுமிக்கொண்டு மேலேறியது. கண்டக்டர் விசில் அடித்தார். மீதி வழி முழுவதும் அவள் கை என் கையை நசுக்கிக்கொண்டே வந்தது.

டாக்டர், துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரின் மனைவி. வங்காளத்துக்காரர். வீட்டின் முன்பகுதியிலேயே மருத்துவம் பார்த்தார். அத்தை அவரை மிரட்சியோடு பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் விலாவில் இடித்தார்.

"ஏ மேரி, அந்தம்மா கையப் பாரு. சங்கு வளையல்! நம்ம கடல் சங்குளா அது!"

நான் எடுத்துச் சொன்னேன். டாக்டர் சிரித்து, இந்தப் பக்கத்துச் சங்குகள்தான் மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்குப் போகின்றன, கல்யாணமான பெண்கள் எல்லாரும் போடுவோம் என்று கையை நீட்டிக் காட்டினார். அத்தை வளையலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த டாக்டர் அவருக்கு நம்ம ஆள் ஆகிவிட்டார்.

"பயணம் போகிறவள் மட்டும் உள்ளே வரட்டும்," என்றார் டாக்டர். ரோசலின் போனாள். திரைக்குப் பின்னால் குரல் மட்டும் கேட்டது. பெயர், வயது எல்லாம் சரியாகச் சொன்னாள். உனக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார் டாக்டர். ரோசலின் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். டாக்டர் "ஓ!" என்றார். அதன்பின் இருவரும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். பின்னால் ரோசலின். "உடம்பில் குறை ஒன்றும் இல்லை. மூன்று மாதக் கர்ப்பம். இந்த மாதத்துக்குள் பயணம் செய்யலாம், அதற்கு மேல் தள்ளினால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அம்மாவிடம் சொல்," என்றார் என்னைப் பார்த்து.

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ரோசலின், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது. குறை ஒன்றும் இல்லையாம் என்று சொல்லி முடித்திருக்கலாம். அத்தைக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் டாக்டர் சொன்னதில் பாதியை விழுங்குகிறவள் ஒருநாள் எதையும் விழுங்குவாள். தோட்டத்தில் என் வாயை நம்பித்தான் அத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். முழுவதையும் சொன்னேன்.

அத்தை எழுந்துபோய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் முத்தம் கொடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேரி, அண்ணனுக்குக் காயிதம் போட்டுரு. கப்பல் கெடயாது. தலப்பிரசவம் எங்க வீட்லதான்."

"எம்மா!" என்றாள் ரோசலின்.

"வாய மூடு. களவாணி. எங்கிட்டயே மறைச்சிருக்கியே."

என்ன தகராறு என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவராவது நம் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான். முதல் குழந்தைக்கு நானும் அம்மா வீட்டுக்குத்தான் போனேன்," என்றுவிட்டுத் தம் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார்!

"நான் பாத்துக்குவேன் அத்தை. ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறேன்," என்றேன்.

"நீ வேலைக்குப் போயிருப்ப. அவரு லாரில போயிருப்பாரு. இவளுக்கு அந்நேரம் வலி கண்டா? அங்கன ஒரு சீனத்தியோ மலாய்க்காரியோ வந்து நிப்பா. யாருட்ட, என்னன்னு சொல்லுவா எம் மவ? சொல்லத் தெரியாம செத்துல்லா போவா!" சொன்ன வார்த்தைக்குத் தானே பயந்து அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பயம் நியாயமானது. வாய் பேசத் தெரியாமல் கடைசி நேரத்தில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது ரோசலின் தன் அடிவயிற்றில் கையை வைத்தாள். தன் மேலேயே வைத்தாள். இன்னொரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்து, அந்தக் கூடமே அதிரும்படி ஆங்கிலத்தில் கத்தினாள்.

"டாக்டர்! எனக்கு வலிக்கிறது! சீக்கிரம் வாருங்கள்!"

நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். "எங்கே வலி?"

"இங்கே. கீழே. முதுகிலும்."

"எப்போதிலிருந்து?"

"காலையிலிருந்து."

"தொடர்ந்து வலிக்கிறதா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு. தலை சுற்றுகிறது."

"இரத்தம் படுகிறதா?"

"இல்லை."

டாக்டர் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலைச் சரிசெய்யச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். ரோசலின் நிமிர்ந்தாள். "இப்போது இல்லை டாக்டர்," என்றாள் அதே ஆங்கிலத்தில், வெட்கத்தோடு. "அங்கே போன பிறகு."

டாக்டர் அவளை முறைத்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. மகள் வயிற்றில் வைத்த கையைத் தட்டிவிடத்தான் பாய்ந்து வந்திருந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். டாக்டரின் வெறும் காலையும், தூரத்தில் கிடந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடியாந்துட்டாவளே," என்றார் மெதுவாக. "இவ என்னளா சொன்னா?"

ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் விடாமல் தமிழில் சொன்னேன்.

"அம்புட்டுக்கும் பதில் சொன்னாளா?"

"ஒண்ணுகூட விடலை அத்தை. நான் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கலை."

டாக்டர் சான்று எழுதிக் கொடுத்தார். அதை ரோசலின் வாங்குவதை அத்தை தடுக்கவில்லை. வெளியே வந்து ஒரு கடையில் மக்ரூன் வாங்கினார். வாயில் போட்டதும் கரைகிற அந்த வெள்ளைப் பண்டத்தை மூவரும் நடந்துகொண்டே தின்றோம். கப்பல் உண்டா இல்லையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ரோசலின் அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். அத்தைக்கு ஓர் இடம் கிடைத்தது. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வாயால் சொன்னாலே வந்துவிடும் என்று இத்தனை நாள் எங்கள் வாயை அடைத்த அத்தை, பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"டாக்டரம்மாட்ட போனோம். எம் மவ கப்பல்ல பினாங்கு போறால்லா. ரெண்டு உசிராப் போறா."

அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏ ஆத்தா, தலச்சன் புள்ளையா? தாய்வீட்ல வச்சிப் பாக்காண்டாமா?"

"வைக்கல," என்றார் அத்தை. "அவ மாப்பிள்ளைட்ட போறா. ஒனக்கென்ன?"